அடுப்புக்கு நேரம் வேண்டும்: பேராக் தமிழர் வீட்டுச் சமையலின் வரலாறும் தேவையும்

மலேசியக் குடும்பங்கள் அரிசிக்கும் மீனுக்கும் காய்கறிக்கும் கொடுக்கும் பணமும், உணவகங்களில் கொடுக்கும் பணமும் இன்று ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிட்டன. நாட்டின் புள்ளிவிவரத் துறை 2022இல் நடத்திய குடும்பச் செலவின ஆய்வின்படி, ஒரு குடும்பம் மாதத்துக்குச் சராசரியாக 5,150 ரிங்கிட் செலவிட்டது. அதில் வீட்டுக்கு வாங்கும் உணவுப் பொருள்களுக்குப் போனது சுமார் 16 விழுக்காடு. உணவகம், தங்கும் விடுதி என்ற பிரிவுக்கும் அதே 16 விழுக்காடு போனது. 2019இல் இந்த இரண்டாவது பிரிவு 14 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. மூன்றே ஆண்டுகளில், நடுவில் ஒரு பெருந்தொற்றையும் கடந்து, கடைச் சாப்பாடு வீட்டுச் சமையலின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

இந்த மாற்றத்தைக் குறித்து நம் சமூகத்தில் பேச்சு எழும்போதெல்லாம் பழி இரண்டு பேர் மீது விழுகிறது. ஒருவர் சோம்பேறியாகிவிட்ட இளைஞர். மற்றவர் சமையலறைக்குள் போக விரும்பாத பெண். பேராக் மாநிலத்து ஈப்போவிலும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர்கள் எப்படி உண்டார்கள் என்று நூறாண்டுக் காலத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் இந்தப் பழி நிற்காது. நேரம், நிலம், விறகு, அண்டை வீடு, உதவும் கைகள் ஆகியவை கூடியிருந்த இடத்தில் வீட்டுச் சமையல் நடந்தது. அவை ஒவ்வொன்றாகக் கலைந்தபோது அடுப்பும் அணைந்தது. கடைச் சாப்பாட்டைக் கைவிட விரும்பும் குடும்பம் மன உறுதியை மட்டும் நம்பினால் ஒரு மாதம் தாங்கும். கலைந்துபோனவற்றை வேறு வடிவில் மீட்டுக்கொண்டால்தான் அந்த முடிவு நிலைக்கும்.

சமைக்க வீடில்லாத ஆண்கள்

பேராக்கில் தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக உழைத்த முதல் தோட்டங்கள் கரும்புத் தோட்டங்கள். மாநிலத்தின் வடமேற்கில் உள்ள கிரியான் மாவட்டத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவை பரவியிருந்தன. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் வெகுகாலம் வெறும் சோதனையாகவே இருந்தன. மோட்டார் வண்டிகள் பெருகி, 1910ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோதுதான் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டுப் பால்மரங்கள் எழுந்தன. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கித் தொழிலாளர்களின் கப்பல் செலவை ஏற்றது. கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி அனுப்பினார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் இருந்த இந்தியர்களில் மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவில்தான் இருந்தார்கள். ரயில் பாதை போட்டவர்கள், சாலை அமைத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ஈப்போவின் ஈயப் பெருக்கத்தை நம்பி நகருக்கு வந்தவர்கள் என இவர்களுக்குச் சமைத்துப் போட வீடு என்று ஒன்று இல்லை. சாப்பாட்டுக்கடை பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் தோளில் காவடி போலச் சட்டிகளைச் சுமந்து விற்ற நாசி கண்டார் பேராக்குக்கும் வந்தது. ஈப்போவின் லகாட் சாலையை ஒட்டிய கடைகளில் வாழையிலைச் சோறு கிடைத்தது. சமைத்தவர்களும் ஆண்கள், உண்டவர்களும் ஆண்கள்.

மலேசியத் தமிழரின் கடை உணவு வீட்டுச் சமையலைத் துரத்திவிட்டு வந்த நாகரிகம் என்று நினைப்பது தவறு. வீடு இல்லாதவனுக்கு வீடாக நின்ற இடம் அது. மாதக் கணக்கு வைத்து, சம்பளம் வரும்வரை பொறுத்து, ஊர்க் கடிதத்தைக்கூட வாங்கி வைத்துக் கொடுத்த கடைகளுக்கு நம் சமூகம் கடன்பட்டிருக்கிறது. இன்றைய சிக்கல் வேறு. வீடும் அடுப்பும் உள்ள குடும்பங்கள், வீடில்லாதவர்களுக்காகப் பிறந்த ஓர் ஏற்பாட்டைத் தங்கள் அன்றாடமாக்கிக்கொண்டதுதான் அது.

தோட்டத்து அடுப்பு

1920களிலும் 30களிலும் பெண்கள் அதிகமாக வரத் தொடங்கினார்கள். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது தோட்டங்களில் குடும்பங்கள் நிலைபெற்றுவிட்டன. லயம் எனப்பட்ட வரிசை வீடுகளின் பின்புறம் எரிந்த அடுப்புகளில்தான் மலேசியத் தமிழரின் வீட்டுச் சமையல் உருவானது.

அந்தச் சமையலின் நேரத்தைத் தீர்மானித்தது மரம். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம் இருக்கும்போது பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். எனவே இருள் பிரியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். அதற்கு முன் குழந்தைகளை எழுப்பி ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். அதற்கும் முன் சோறு வடித்துக் குழம்பு வைத்து மங்கு என்ற சாப்பாட்டுத் தூக்கில் கட்டியாக வேண்டும். தோட்டத்துப் பெண் அதிகாலை மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் அடுப்பு மூட்டியது அதனால்தான். அந்த ஒரு சமையல் காலைப் பசியாறலுக்கும் நண்பகலுக்கும் சேர்த்துப் போதும்படி அமைந்தது. மாலையில் மீண்டும் ஒருமுறை அடுப்பு எரிந்தது.

ஒரு பெண் இவ்வளவையும் தாங்கியதற்கு அவளுடைய உறுதி மட்டும் காரணமில்லை. விறகு காசில்லாமல் கிடைத்தது. பட்ட பால்மரக் கிளைகள் காட்டில் கிடந்தன. லயத்துப் பின்புறத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, மரவள்ளி வளர்ந்தன. பலர் மாடு, ஆடு, கோழி வளர்த்தார்கள். மோர் வாங்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா இருந்தார். வேலையிடம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அம்மியில் அரைக்க ஒரு பாட்டியோ நாத்தனாரோ இருந்தார். வீட்டுச் சமையலைச் சாத்தியமாக்கிய துணைகள் இவை.

ஆனால் அந்த அடுப்பைப் பொற்கால அடுப்பாக வரைந்துவிடவும் கூடாது. 1920களில் தொழிலாளர் துறை தரக் கூலியை நிர்ணயித்தபோது ஒரு தொழிலாளியின் மாதத் தேவைகளைப் பட்டியலிட்டே கணக்குப் போட்டது. அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு, மசாலாச் சாமான் என்று அந்தப் பட்டியல் குறுகியது. 1920களின் பிற்பகுதியில் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. ஒரே மரத்தை, ஒரே கத்தியால், ஒரே விடியலில் வெட்டிய பெண்ணுக்குக் கூலி குறைவு. கூலியில்லாத சமையல் அவளுக்கு மட்டும். தட்டில் சோறு குவிந்திருந்தது, காயும் புரதமும் குறைவாக இருந்தன. சாமான் வாங்கிய கடையில் கடன் கணக்கு ஏறிக்கொண்டே போனது. வீட்டில் சமைத்தது என்பதாலேயே அது சத்தான உணவாகிவிடவில்லை. இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைய வீட்டுச் சமையலைப் பற்றிப் பேச வேண்டும்.

சமையல் தடை செய்யப்பட்ட காலம்

ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி வருவது நின்றுபோய் மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த ஆண்டுகளை முதியவர்கள் சொல்லி அடுத்த தலைமுறை கேட்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த இன்னொரு உணவு வரலாறு குறைவாகவே பேசப்படுகிறது.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகும் வழியை அடைப்பது 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின் மையக் கூறு. சீனர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. அரிசி பங்கீட்டு அட்டைக்கு வந்தது. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அதைப் பதுக்கிவைக்க முடியாது. கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் வேலிக்கு வெளியே சோறு எடுத்துச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. பால் வெட்டப் போகிறவர் மங்கு இல்லாமல் போனார்.

இன்னும் இறுகிய பகுதிகளில் வீட்டில் அரிசி வைத்திருப்பதே குற்றமாக்கப்பட்டது. மையக் கூடத்தில் அரசின் கண்காணிப்பில் சோறு சமைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வழங்கினார்கள். அரிசி மாதக்கணக்கில் இருக்கும், வெந்த சோறு இந்த வெப்பத்தில் ஒரே நாளில் புளித்துவிடும் என்பதுதான் அதன் தர்க்கம். 1958இல் பேராக்கில் தொடங்கிய ஆபரேஷன் ஜிஞ்சர் இத்தகைய உணவுத் தடை நடவடிக்கைகளில் ஒன்று.

சொந்த அடுப்பில் சோறு பொங்குவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உரிமை என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது. எப்போது உண்பது, யாருக்கு எவ்வளவு போடுவது, யாருடைய வயிற்றுக்கு எது ஒத்துவராது, மீந்ததை என்ன செய்வது என்ற முடிவுகள் எல்லாம் குடும்பத்தின் கையைவிட்டுப் போயின. அன்று அரசு பறித்த அந்த முடிவுகளை இன்று நாம் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியிடம் நாமாகவே கொடுத்துவிடுகிறோம். காரணங்கள் வேறு. இழப்பின் ஒரு பகுதி ஒன்றுதான்.

தோட்டம் போன பிறகு

1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் கட்டிய பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்தச் சூழலில்தான். அந்த முயற்சி சில ஆயிரம் குடும்பங்களுக்கு நிழல் தந்தது. ஆனால் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை. ரப்பர் இருந்த நிலத்தில் செம்பனை வந்தது. அதற்கு ஆட்கள் குறைவாகப் போதும். நகர் ஓரத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பேராக்கின் 134 தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன, சுற்றிலும் தோட்டம் இல்லை.

வெளியேறியவர்கள் புந்தோங், சிம்மோர், சுங்கை சிப்புட், தைப்பிங் போன்ற இடங்களின் மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். ஜெலாப்பாங்கிலும் காமுண்டிங்கிலும் தொழிற்சாலை வேலை கிடைத்தது. தைப்பிங், பாரிட் புந்தார் பகுதிகளிலிருந்து பினாங்குத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய்வரும் பெண்கள் ஒரு தலைமுறையாக இருக்கிறார்கள். வேலை சுழல்முறையில் நடக்கிறது. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. போக வர நேரம் தனி. மாடிவீட்டில் முருங்கைக்கு இடமில்லை. விறகுக்குப் பதில் எரிவாயு உருளையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆயாக்கொட்டகை இல்லை. பாட்டி வேறு ஊரில் இருக்கிறார். தோட்டத்து அடுப்பைத் தாங்கி நின்ற துணைகள் இப்படி ஒவ்வொன்றாக அகன்றன. இரவு பதினொன்றுக்கு வேலை முடிந்து வருகிறவருக்குத் திறந்திருக்கும் ஒரே சமையலறை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும், 24 மணி நேரமும் விளக்கெரியும் மாமாக் கடைதான்.

அந்தக் கடையும் எளிதில் நடக்கவில்லை. 2018இல் அன்றைய மனிதவள அமைச்சரும் ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினருமான எம். குலசேகரன், 2019 ஜனவரி முதல் உணவகங்கள் உள்நாட்டுச் சமையல்காரர்களையே அமர்த்த வேண்டும் என்று அறிவித்தார். எதிர்ப்பு எழுந்ததும் அந்த அறிவிப்பு கைவிடப்பட்டது. உள்நாட்டில் சமையல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதே உணவக உரிமையாளர்களின் வாதம். நாம் சமைக்க நேரமில்லாமல் கடைக்குப் போகிறோம். கடையோ தமிழ்நாட்டிலிருந்து தன் குடும்பத்தைப் பிரிந்து வந்த இன்னோர் ஆணைக் கொண்டு நமக்குச் சமைக்கிறது. நூறாண்டுக்கு முன் அந்த ஆண் கடையில் உண்டான், இன்று கடையில் சமைக்கிறான்.

உடல் கேட்கும் விலை

சுகாதார அமைச்சின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் மக்கள் இனிப்பு நீர் என்று சொல்லும் இந்த நோய் மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவரைப் பிடித்திருக்கிறது. தெற்காசியர்களின் உடலில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கும் இன்சுலினுக்கு உடல் மந்தமாக இசையும் தன்மையும் அதிகம் என்பது மருத்துவம் அறிந்தது. அந்த உடலுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கிலோகலோரி. அதன் பெரும்பகுதி மாவும் கொழுப்பும். கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் தேநீரில் ஊற்றப்படுவது பெரும்பாலும் பனை எண்ணெய்க் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புக் கிரீமர். 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பான வகைகளுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. ஆனால் அந்த வரி ஆலையில் தயாராகும் பானங்களுக்குத்தான். கடையில் ஆற்றித் தரும் தேநீரை அது தொடுவதில்லை. உப்பின் நிலையும் இதுதான். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே நிறுத்தச் சொல்கிறது. 2017-18இல் நடந்த மலேசியச் சமூக உப்பு ஆய்வு, வயது வந்தோர் சராசரியாக 7.9 கிராம் உட்கொள்வதாகக் கண்டது. கடைக் குழம்பில் எவ்வளவு உப்பு, எத்தனை முறை சுட்ட எண்ணெய் என்று உண்பவருக்குத் தெரிய வழியில்லை.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெளியில் உண்பதற்கும் கலோரியும் கொழுப்பும் கூடுவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், வாரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் வீட்டில் சமைத்த முதன்மை உணவை உண்டவர்கள், மூன்று முறைக்குக் குறைவாக உண்டவர்களைவிட நாளுக்கு 62 கிராம் பழமும் 98 கிராம் காய்கறியும் அதிகம் உண்டார்கள். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். சமைக்க நேரம் உள்ளவருக்கு வேறு வசதிகளும் இருக்கக்கூடும். ஆனால் காய்கறி அளவில் தெரியும் வேறுபாடு நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கடைத் தட்டில் கீரை ஓரத்தில் ஒரு கரண்டி. வீட்டுத் தட்டில் அதைக் கூட்டுவதும் சோற்றைக் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. வீட்டுச் சமையலின் நன்மை இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. தோட்டக் காலத்துத் தட்டைப் போலச் சோற்றை மலையாகக் குவித்துக் காயை மறந்தால் வீட்டு அடுப்பும் நீரிழிவைத் தடுக்காது.

பணக் கணக்கும் நேரக் கணக்கும்

வீட்டில் சமைத்தால் பணம் மிஞ்சும் என்பது பொதுவான வாதம். அதைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம். 2023 தொடக்கத்தில் அரசு அறிமுகப்படுத்திய ரஹ்மா உணவு 5 ரிங்கிட். கடைச் சாப்பாட்டில் இதுவே மிக மலிவு. நால்வர் கொண்ட குடும்பம் இரவுச் சாப்பாட்டை இந்த விலையில் வாங்கினால் 20 ரிங்கிட், மாதத்துக்கு 600. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

வீட்டிலோ, உள்நாட்டு அரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோ 2.60 ரிங்கிட். நால்வருக்கு அரைக் கிலோ என்றால் 1.30. உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2.50. ஒரு வேளைக்கு அரிசியும் எண்ணெயும் சேர்ந்து 2 ரிங்கிட்டுக்குள் அடங்கும். மீன், காய், பருப்பு, எரிவாயுவுக்கு 10 ரிங்கிட் என்று தாராளமாக வைத்தால் மொத்தம் 12. ஒரு வேளைக்கு 8 ரிங்கிட் மிச்சம், மாதத்துக்கு 240.

ஆனால் இதற்கு உழைத்த நேரத்துக்கு என்ன மதிப்பு? சாமான் வாங்கி, நறுக்கி, சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்க ஒன்றரை மணி நேரம் என்று கொண்டால் மாதத்துக்கு 45 மணி நேரம். 240 ரிங்கிட்டை அதனால் வகுத்தால் மணிக்கு 5 ரிங்கிட் 33 காசு. குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கணக்கு 8 ரிங்கிட் 72 காசு. அதாவது ஒரே ஆள், ஒரே வேளைக்கு, தனியாகச் சமைத்தால் அவருடைய உழைப்பின் மதிப்பு நாட்டின் மிகக் குறைந்த கூலியைவிடக் குறைவு. களைத்து வரும் ஒரு பெண் கடைக்குப் போகலாம் என்று சொல்வது சோம்பலால் அல்ல. கணக்கு அவள் பக்கம் இருக்கிறது.

இப்போது அதே அடுப்பில் இரண்டு வேளைக்குச் சமைப்பதாக வைப்போம். இரவுச் சாப்பாடும் மறுநாள் எடுத்துச் செல்லும் மதியச் சாப்பாடும் ஒரே சமையல். கடையில் 40 ரிங்கிட் ஆகும், வீட்டில் 24. மிச்சம் 16, மாதத்துக்கு 480. நேரம் ஒன்றரை மணியிலிருந்து பத்து நிமிடம்தான் கூடும். மாதத்துக்கு 50 மணி நேரம். மணிக்கு 9 ரிங்கிட் 60 காசு. கணக்கு தலைகீழாகிவிட்டது. தோட்டத்துப் பெண் விடியற்காலைச் சமையலை இரண்டு வேளைக்கு நீட்டியதில் இருந்த அறிவு இதுதான். வேலையை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஐம்பது நிமிடம் மட்டுமே.

கட்டாயத்தில் கிடைத்த பாடம்

பெருந்தொற்றை ஒட்டி 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது கடையில் அமர்ந்து உண்பது தடைப்பட்டது. பொட்டலம் வாங்கலாம், உட்கார முடியாது. நாடு முழுவதும் வீட்டு அடுப்புகள் திடீரென்று எரிந்தன. ஆண்களும் பிள்ளைகளும் சமையலறையில் நின்றார்கள். மாடியில் தொட்டிச் செடி வைத்தார்கள். ஆனால் 2022 ஆய்வில் கடைச் செலவு முன்பைவிட உயர்ந்தே காணப்பட்டது. அப்போது கிடைத்தது வீட்டில் இருக்கும் நேரம். அந்த நேரம் போனதும் பழக்கமும் பெரும்பாலான வீடுகளில் போய்விட்டது. ஆர்வமும் செய்முறைக் காணொளிகளும் இருந்தும், வேலை நேரமும் வீட்டுப் பங்கீடும் மாறாத இடத்தில் அடுப்பு நிலைக்கவில்லை.

கரண்டி யார் கையில்?

கஸானா ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், பெண்கள் ஊதியமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைகளுக்கு நாளுக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிடுவதாகத் தெரிந்தது. மலேசியப் பெண்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் இப்போது உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். இந்த நிலையில், குடும்பம் கடைச் சாப்பாட்டை விட வேண்டும் என்று மட்டும் சொன்னால், அது பெண் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதாகவே முடியும்.

தமிழ் ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்ற சாக்கு செல்லாது. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்துக்கு அன்னதான அண்டாக்களைக் கிளறுகிறவர்கள் ஆண்கள். திருமணச் சமையலும் ஆண்கள் கையில் இருக்கிறது. நாசி கண்டார்க் குழம்பின் ருசியைக் காத்து வருபவர்களும் ஆண்களே. ஊருக்கும் சாமிக்கும் வாடிக்கையாளருக்கும் சமைக்கும் கை, வீட்டுக்குள் வந்ததும் ஏன் நின்றுவிடுகிறது? கடைச் சாப்பாட்டைக் கைவிடுவதன் முதல் நிபந்தனை இந்தக் கேள்விக்கு வீட்டு ஆண்கள் விடை சொல்வதுதான் என்பது என் உறுதியான கருத்து.

செய்யக்கூடியவை

எல்லா வேளைகளையும் ஒரே நாளில் மாற்ற முயலும் குடும்பம் தோற்கும். பானத்திலிருந்து தொடங்கலாம். வீட்டில் பால் சேர்த்து, சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்துப் போடும் தேநீருக்கு ஐந்து நிமிடம் போதும். நீரிழிவுள்ள வீட்டில் அதனால் வரும் நன்மை பெரிது. அடுத்தது இரவும் மறுநாள் மதியமும் சேர்ந்த ஒற்றைச் சமையல். வாரம் ஒருமுறை காலைச் சந்தைக்குப் போய் மீனைச் சுத்தம் செய்து பிரித்து உறைய வைத்தால், சுழல்முறை வேலைக்காரருக்கும் தினச் சமையல் எட்டும். பங்கோர் நெத்திலியில் ஞாயிறன்று செய்யும் சம்பல் குளிர்ப்பெட்டியில் நான்கைந்து நாள் நிற்கும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகவும் தாப்பா வழியாகவும் இறங்கும் காய்கறி ஈப்போ சந்தைகளில் புதிதாகக் கிடைக்கிறது. தவுகே எனப்படும் பயற்றுமுளையும் மலிவு. தட்டில் பாதி காயாக இருக்கட்டும், சோறு கால் பங்கில் நிற்கட்டும்.

அடுத்தபடி, வீட்டைத் தாண்டிய ஏற்பாடுகள். அடுக்குமாடியில் ஒரே மாடியில் வாழும் மூன்று குடும்பங்கள் வாரத்தில் இரண்டிரண்டு நாள் முறைவைத்துச் சமைத்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு நாள் அடுப்பு ஓய்வு. லயத்தில் இயல்பாக நடந்த பகிர்வை மாடிவீட்டில் திட்டமிட்டுத்தான் கொண்டுவர முடியும். குடியிருப்புக்கு அருகே பயன்படாத நிலத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டுத் தோட்டம் போடலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வீட்டுத் தோட்டத்துக்கும் இயற்கை வேளாண்மைக்கும் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறது. தமிழ்ப்பள்ளிகள் சமையலை ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்காமல் கற்றுக்கொடுக்கலாம். தோட்டத்துப் பாட்டிகளின் கைப்பக்குவத்தை எழுத்தில் பதிவதற்கும் அப்பள்ளிகளே தகுந்த இடம்.

மூன்றாவது, வேலையிடம். தொழிற்சாலைகளில் கொண்டுவந்த சாப்பாட்டை வைக்கக் குளிர்ப்பெட்டியும் சூடாக்கும் வசதியும் உட்கார்ந்து உண்ண அரை மணி நேரமும் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். 24 மணி நேர உணவகங்களை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது எழுகிறது. இரவு வேலை 24 மணி நேரமும் தொடரும் நாட்டில் கடையை மட்டும் மூடினால் பசியோடு நிற்பவர் இரவுத் தொழிலாளிதான். வேலை நேரத்தைப் பற்றிய பேச்சு முதலில் வரட்டும்.

கடைச் சாப்பாடு நம் பகை அல்ல. நண்பர்களோடு அமர்ந்து பேசவும் பயணத்தில் பசியாறவும் கொண்டாடவும் கடைகள் இருக்கட்டும். அன்றாட உணவு நம் கைக்குத் திரும்ப வேண்டும் என்பதே வேண்டுதல். அதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் தங்கள் நேரத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும், சமூகமும் முதலாளியும் அந்த நேரத்துக்கு இடம் விட வேண்டும். இந்த வாரமே ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளை எடுத்து, ஏழு நாளுக்கும் யார் வாங்குவது, யார் சமைப்பது, யார் கழுவுவது என்று பெயர் போட்டு எழுதட்டும். ஒரே பெயர் ஏழு நாளும் வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.